வீடு ஒதுக்குதல்

இலக்கிய நிகழ்ச்சிக்கு வந்து வீடு கூட்டுவதைப் பற்றிப் பேசப்போகிறாரே இந்தத் தமிழ் வாத்தியார் என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால், அந்தப் பேச்சு நன்னூலுக்கும் ஏட்டுச் சுவடிகளுக்கும் போய்த்தான் திரும்பும். என் அனுபவத்தில் அப்படித்தான் நடந்தது.

எங்கள் பேச்சுவழக்கில் 'வீடு ஒதுக்குதல்' என்றொரு தொடர் உண்டு. நல்லநாள் பெருநாள் வருகிறதென்றால், "வீட்டை ஒருக்கா ஒதுக்கவேணும்" என்பார்கள். ஒதுக்குதல் என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. வேண்டாததை விலக்கிவைப்பது ஒதுக்குதல். ஒருவருக்கென்று ஒரு பங்கையோ ஓர் இடத்தையோ பிரித்துக் கொடுப்பதும் ஒதுக்குதல்தான். பல வருடங்களாகத் தமிழ் படிப்பிக்கும் எனக்கு, இந்தச் சொல்லின் முதலாவது பொருள் மட்டுமே வீட்டு விஷயத்தில் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாவது பொருளை எனக்குப் படிப்பித்தவர் என் தாயார்.

2023 ஆம் ஆண்டு மார்கழி மாதம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எங்கள் மகளுக்கு அப்போது பதினொரு வயது. இரண்டு நாட்களாகக் காய்ச்சல் விடவில்லை. மூன்றாம் நாள் இரத்தம் பரிசோதித்ததில் டெங்கு என்று தெரிந்தது. ஆசுபத்திரியில் ஆறு நாட்கள் இருந்தோம். பிள்ளை குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து அளந்து எழுதினார்கள். குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கியது. காய்ச்சல் விட்டபிறகுதான் இந்த நோயில் ஆபத்தான நேரம் வரும் என்று தாதி ஒருவர் சொன்னார். காய்ச்சல் விட்டதைக் கண்டு மகிழ்ந்திருந்த எங்களுக்கு அந்த இரவு முழுவதும் கண்ணுறக்கம் இல்லை. தெய்வாதீனமாகப் பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தாள்.

அவள் வந்த மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு பார்க்க வந்தார். என்னிடம் படித்த பிள்ளைதான். முற்றம் துப்புரவாக இருந்தது. முன்விறாந்தையிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோடிப்புறத்துக்குப் போனபோதுதான் அவருடைய முகம் மாறியது. குசினியின் பின்பத்தியோடு சேர்த்து, மதில் ஓரமாக அம்மா அடுக்கிவைத்த போத்தல்கள் வரிசையாக நின்றன. ஜாம் போத்தல்கள், நெஸ்டமோல்ட் போத்தல்கள், பால்மாப் பேணிகள், ஐஸ்கிரீம் பெட்டிகள், சிரட்டைகள். ஓட்டுத் தாழ்வாரத்தால் வடிந்த மழைநீர் அவற்றுள் நிரம்பியிருந்தது. ஒரு ஜாம் போத்தலை அவர் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். உள்ளே நுளம்புக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன.

"சேர், குறை நினைக்கக்கூடாது. மூண்டு நாளையிலை இதெல்லாம் எடுபடவேணும். திரும்பவும் வந்து பார்ப்பன்" என்று சொல்லி அறிவித்தலை எழுதித் தந்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது என்றும் விளக்கினார். இந்த நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடியும் நீர் பட்டால் பொரித்துவிடும். முட்டையிலிருந்து நுளம்பு பறப்பதற்கு ஏழிலிருந்து பத்து நாட்கள்வரை போதும். ஆகவே, கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவவேண்டும். அல்லது அந்தப் பாத்திரமே அங்கே இருக்கக்கூடாது. நமது நாட்டில் 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் 186,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சலுக்கு ஆளாகினர் என்பதை நான் பாடசாலைக் காலைக்கூட்டத்தில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக் கோடிப்புறத்தை நான் பார்க்கவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கதவுநிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. பக்கத்தில் போயிருந்தேன்.

"எந்த வளவு நுளம்பு கடிச்சதெண்டு ஆர் சொல்லேலும் அம்மா? பள்ளிக்கூடத்திலை கடிச்சிருக்கும்" என்றேன்.

"புழுக்கள் என்ரை போத்தலுக்கைதானே தம்பி கிடந்தது" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

நேயர்களே, அந்தப் போத்தல்கள் ஏன் அங்கே நின்றன என்பதையும் நான் சொல்லவேண்டும். சொல்லாமல்விட்டால் என் தாயாரை ஒரு குப்பை சேர்க்கிற மனிசி என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

1990 ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கத்தைப்போல. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதற்குச் சில துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி ஏற்றினால் அதுதான் விளக்கு. அந்த வெளிச்சத்தில்தான் நான் படித்தேன். சவர்க்காரம் இல்லாத காலத்தில் அம்மா பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார். பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். இப்போது நான் பேசிக்கொண்டிருக்கும் வானொலியை அன்று கேட்பதற்குக்கூட ஒருவர் பெடலைச் சுற்றிக்கொண்டிருக்கவேண்டும். அத்தகைய காலத்தில் வெறும் போத்தல் என்று ஒரு பொருள் இல்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. எனக்குப் பதினான்கு வயது. அப்பா சைக்கிளை உருட்ட, நாங்கள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தோம். மழையும் வந்துவிட்டது. அம்மாவின் மார்போடு ஒரு சொப்பிங் பை இருந்தது. அதற்குள் மூன்று பொருட்கள்: காணி உறுதி, எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், அம்மாவின் தகப்பனார் கைப்பட எழுதிய காத்தவராயன் கூத்துக் கொப்பி. பேரனார் ஓர் அண்ணாவியார். மாரியம்மன் கோயிலில் நேர்த்திக்கு ஆடும் கூத்தை ஊரில் அவர்தான் பழக்கினார். அந்த மழையில் நாங்கள் எல்லோரும் தெப்பமாக நனைந்தோம். கொப்பி நனையவில்லை. ஒரு சொப்பிங் பை அதைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து என் தாயார் ஒரு சொப்பிங் பையையும் எறிந்ததில்லை.

2022 ஆம் ஆண்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தபோது, அம்மா இரண்டு ஜாம் போத்தல்களை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "சொன்னனான் எல்லோ" என்று ஒரு வார்த்தைதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பின் கோடிப்புறத்தில் வரிசை இன்னும் நீண்டது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், பரிசோதகர் போன அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. பிள்ளையின் கையில் ஊசி ஏறிய தழும்பு இன்னும் மாறவில்லை. மறுநாள் அம்மா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து ஒரு லான்ட்மாஸ்டரைப் பிடித்து, கோடிப்புறத்தையும் சாமான் அறையையும் ஒரேயடியாக ஏற்றி அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தேன். மனைவியிடம் சொன்னேன். தமிழ் வாத்தியார் அல்லவா? பழையன கழிவதைப் பற்றி நன்னூலே சொல்லியிருக்கிறது என்று ஆதாரமும் காட்டினேன்.

மனைவி சிரிக்கவில்லை. "அது போத்தலுக்குச் சொன்னதோ? மாமி கோயிலாலை வந்து வெறும் மதிலைப் பார்ப்பா. அதுக்குப் பிறகு நீங்கள் என்ன நூலை எடுத்துக் காட்டுவியள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. இரவு நன்னூலை எடுத்து அந்தச் சூத்திரத்தைத் திரும்பவும் பார்த்தேன். பொங்கலுக்கு முதல்நாள் பழம்பாய் எறிவதற்கு நாமெல்லோரும் துணைக்கழைக்கும் அந்த வரி, வீட்டுச் சாமானைப் பற்றியதே அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் மொழியைப் பற்றிச் சொன்னது அது. சில சொற்கள் வழக்கிழந்து போவதும் சில புதியவை வந்து சேர்வதும் குற்றமாகாது என்பதுதான் கருத்து. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, அவர் 'குற்றமல்ல' என்றுதான் சொல்கிறார். கழித்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடவில்லை. மற்றது, அது காலத்தின் போக்கிலே நிகழ்வது என்கிறார். ஒருவர் லான்ட்மாஸ்டர் கொண்டுவந்து ஏற்றுவதைப் பற்றி அவர் பேசவில்லை. வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்த சூத்திரத்தை அன்றுதான் நான் ஒழுங்காக வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாட் காலை அம்மாவிடமே போனேன். "வெளியிலை நிக்கிறதுகளை இண்டைக்கே எடுக்கவேணும் அம்மா. அதிலை பேச்சில்லை. ஆனால், எது போறது எது நிக்கிறது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றேன். அம்மா ஒரு கதிரையைக் கொண்டுவரச் சொல்லிக் கோடிப்புறத்தில் உட்கார்ந்தார். நீரைக் கொட்டித் தும்புத்தடியால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவினோம். எண்ணிப் பார்த்ததில் போத்தலும் பேணியும் நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். முதற் பத்துப் போத்தல்களுக்கும் கதை வந்தது. இது படிக்க வைத்த விளக்கு, இது சாவகச்சேரியில் இருந்தபோது வாங்கிய ஜாம் என்று. மகள் படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இருபதாவது போத்தலுக்குப் பிறகு கதை குறைந்தது. ஐம்பதாவது போத்தலில், "எல்லாத்தையும் ஏன் காட்டுறாய்? கொண்டுபோ" என்றார். அம்மா தமக்கென்று வைத்துக்கொண்டவை மூன்றே மூன்று.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது போத்தல்கள் அல்ல, அவற்றின் கதையைக் கேட்க ஒரு பேர்த்தி என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வெளிவேலை ஒரே நாளில் முடிந்தது. சாமான் அறைக்கு மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன. சொப்பிங் பைகளுக்குள் சொப்பிங் பைகளாக இருந்த மூட்டைகளை அகற்றினோம். உடைந்த கதிரைகள், துருப்பிடித்த அடுப்பு, யன்னற் சட்டங்கள் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரும் விறகுக்குக் கேட்டவர்களும் கொண்டுபோனார்கள். மூன்றாவது சனிக்கிழமை, எல்லாவற்றுக்கும் அடியில் றங்குப்பெட்டி வந்தது. அம்மா கதிரையை விட்டெழுந்து கிட்ட வந்தார். கூத்துக் கொப்பி அதற்குள்தான் இருந்தது. மிகவும் பத்திரமாக இருக்கவேண்டுமென்றே அதைப் பெட்டிக்குள் வைத்து, மேலே மற்றச் சாமான்களை அடுக்கியிருந்தார்.

பெட்டியின் அடித்தகரம் துருவேறி ஓட்டையாகியிருந்தது. அதன்வழியே கறையான் ஏறியிருந்தது. சொப்பிங் பை பொடியாக உதிர்ந்தது. நூற்றறுபது பக்கச் சி.ஆர். கொப்பியில், பின்பக்கமிருந்து அறுபத்துநான்கு பக்கங்கள் புற்றுமண்ணாய்ப் போயிருந்தன. அம்மா அழவில்லை. அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஓர் ஊர் முழுவதும் எழும்பி நடந்த இரவில் மழைக்குத் தப்பிய கொப்பி, சொந்த வீட்டில், சொந்தக் கூரையின்கீழ் கறையானுக்கு இரையாகிவிட்டது.

அந்த நேரத்தில் எனக்கு இரண்டு பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் உ. வே. சாமிநாதையர். ஆற்றுப் பெருக்கில் விடப்பட்ட ஏடுகளையும் நெருப்பில் இடப்பட்ட ஏடுகளையும் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அவற்றை அழித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பழுதான ஏட்டை முறைப்படி அப்புறப்படுத்துகிறோம் என்றே நினைத்தார்கள். அதாவது, வீடு ஒதுக்கினார்கள். மற்றவர் நமது சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சிற் கொண்டுவந்தவர். தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளையும் பூச்சி துளைத்த எழுத்துகளையும் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்த ஏடுகளை ஒருவரும் எறியவில்லை. பத்திரமாகக் கட்டிப் பரணில் வைத்திருந்தார்கள். அவிழ்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எறிந்ததனாலும் தமிழ் இழந்தது. எடுத்துப் பாராமல் குவித்துவைத்ததனாலும் இழந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு தவறுகளுக்கும் ஆள் இருந்தார்கள். கொப்பி போத்தல்களுக்குள் போத்தலாக, பைகளுக்குள் பையாகக் கிடந்து அழிந்ததற்கு அம்மாவின் சேமிப்பு காரணம். மீதித் தொண்ணூற்றாறு பக்கங்களையும் போத்தல்களோடு சேர்த்து லான்ட்மாஸ்டரில் ஏற்றியிருக்கக்கூடியவன் நான். யாரை யார் குறைசொல்வது?

அன்று மாலை மகள்தான் ஒரு வழி காட்டினாள். "அப்பாச்சி, இல்லாத பக்கத்துப் பாட்டுகள் உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டாள். அம்மா முதலில் தலையை ஆட்டினார். பேரனார் முற்றத்தில் கூத்துப் பழக்கும்போது தாம் திண்ணையில் படுத்திருந்து கேட்டதுதான் என்றார். சற்று நேரம் போனபின் மெல்லிய குரலில் ஒரு மெட்டை இழுத்தார். பிறகு சொற்கள் வந்தன. மகள் கைத்தொலைபேசியில் பதிவு செய்தாள். நான் கொப்பியில் எழுதினேன். பல இரவுகள் இப்படிப் போயின. அழிந்த அறுபத்துநான்கு பக்கங்களில் ஏறக்குறைய அரைவாசி திரும்பி வந்திருக்கிறது. மிகுதி வராது. இடையிடையே வெற்றிடம் விட்டுத்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

1981 இல் ஒரு பெருநூலகம் எரிந்துபோன ஊர் எங்களுடையது. அவரவர் வீட்டுப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்களுக்கு வெறும் துப்புரவு வேலையாக இருக்கமுடியாது. இத்தகைய பழைய கொப்பிகளையும் நூல்களையும் பிரதிசெய்து இணையத்திற் சேமிக்கும் பணியை 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் போன்ற முயற்சிகள் செய்துவருகின்றன. ஒரு பிரதி வீட்டுக்கு வெளியேயும் இருக்குமானால், கறையானுக்கும் மழைக்கும் அவ்வளவு பயப்படவேண்டியதில்லை.

இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். கோடிப்புறத்தில் நீர் தேங்கக்கூடிய ஒரு பாத்திரமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் சுற்றிவந்து பார்ப்பாள்; பூச்சாடித் தட்டுக்கூட அவளுக்குத் தப்பாது. சாமான் அறையில் எந்தப் பெட்டியும் நிலத்தில் இல்லை. சுவரோடு முட்டாமல் மரப்பலகையில் ஏற்றிவைத்திருக்கிறோம். காணி உறுதியும் அத்தாட்சிப் பத்திரங்களும் ஒரே கோவையில், ஒரே அலுமாரித் தட்டில் இருக்கின்றன. வீட்டிலுள்ள நான்கு பேருக்கும் அந்த இடம் தெரியும். அவசரத்தில் எடுத்துக்கொண்டு எழும்பவேண்டி வந்தால் இருட்டிலும் கை அங்கே போகும். அப்படி ஒரு நாள் இனி வராதிருக்கட்டும். கூத்துக் கொப்பி பருத்தித் துணியிற் சுற்றி அதற்கு மேல்தட்டில் இருக்கிறது. சரசுவதி பூசைக்கு ஏடுகளையும் புத்தகங்களையும் எடுத்துத் தூசுதட்டிப் பூசையில் வைப்பது நம்மவர் வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பெட்டியைத் திற என்பதற்காகவே அந்த வழக்கத்தை ஏற்படுத்தினார்களோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்குக் கொப்பியையும் எடுக்கிறோம். துணியை விரித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் பூசையில் வைக்கிறோம்.

வயதானவர்கள் உள்ள வீட்டை ஒதுக்க எண்ணும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நுளம்பு பெருகும் இடத்தை இன்றைக்கே துப்புரவாக்குங்கள். அதற்குத் தவணை கிடையாது. ஆனால், உள்ளே இருக்கும் சாமானுக்கு உடையவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்கவேண்டாம். அவரைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுச் செய்யாதீர்கள். ஒரு கதிரையைப் போட்டு அவரை இருத்திவிட்டுச் செய்யுங்கள். நேரம் கூடத்தான் பிடிக்கும். அந்த நேரம் வீண்போகாது.

அம்மா வைத்துக்கொண்ட மூன்று ஜாம் போத்தல்களும் எங்கே என்று கேட்பீர்கள். குசினி அலுமாரியில், மூடிபோட்டு, கவிழ்த்து வைத்திருக்கிறார். ஒன்று தமக்கு, ஒன்று எனக்கு, ஒன்று பேர்த்திக்காம். போன மாதம் ஒரு நாள் திடீரென்று மின்சாரம் நின்றது. மகள் போத்தலை எடுத்துப் பஞ்சும் திரியும் கேட்டாள். அம்மா பக்கத்தில் இருந்து, "பஞ்சுக்கு மேலாலை எண்ணெய் நிக்கக்கூடாது பிள்ளை. சொட்டுச் சொட்டா விடு" என்று சொல்லிக்கொடுத்தார்.